வாசல்வரை வந்து கைக்கு வராத பார்சல்: வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் வாங்கிய பொருள் வீட்டு வாசல்வரை வந்துவிட்டு, வீட்டாரின் கைக்கு வராமலே மறைந்துபோனதைப் பற்றி இந்த மாதம் கடிதங்கள் மிகுதியாக வந்திருக்கின்றன. ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விவரம் கூடுதலாக இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். சென்ற மாதம் 2,300 ரூபாய்க்கு ஒரு குக்கர் வாங்கினேன். டெலிவரி ஊழியர் பகல் 12 மணிக்கு அழைத்தபோது அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால், "செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிடுங்கள் தம்பி" என்று சொல்லிவிட்டேன். மாலை வந்து பார்த்தால் பொருள் இல்லை. செயலியில் "ஒப்படைக்கப்பட்டது" என்று இருக்கிறது. நிறுவனத்தார், நான் சொன்ன இடத்தில்தான் வைத்ததாகக் கூறி, பணத்தைத் தர மறுக்கிறார்கள். நட்டம் என்னுடையதுதானா? (தாம்பரம் வாசகி)

பதில்: அம்மா, அந்தப் பத்து வினாடிப் பேச்சில்தான் உங்கள் வழக்கின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. பொருளை உங்கள் முகவரியில் உங்களிடம் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டு பணம் பெற்ற நிறுவனம், யாரையும் கேட்காமல் ஆளில்லாத வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தால், அதைச் சேவைக் குறைபாடு என்று வாதிட உங்களுக்கு உறுதியான இடம் இருந்திருக்கும். இடத்தை நீங்களே சொல்லிவிட்டதால் அந்த வாதம் வலுவிழந்திருக்கிறது. ஆனால் அது அடியோடு போய்விடவில்லை. ஏனெனில் நீங்கள் சொன்னது ஒன்று, ஊழியர் அங்கே வைத்தார் என்பது வேறொன்று, அந்த இரண்டாவதை மெய்ப்பிக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

ஆகையால், பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்பதற்கு முன்பாக, ஒப்படைத்ததற்கான சான்றைக் கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் ஊழியர்கள் பொருளை வைத்த இடத்தைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றுகிறார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் நின்று அந்தப் பதிவைச் செய்தார்கள் என்பதும் பதிவாகிறது. அந்தப் படத்தில் இருக்கும் செருப்பு ஸ்டாண்டு உங்களுடையதுதானா என்று பாருங்கள். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நம் ஊர்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு எண்கள் இருப்பதும், ஒரே பெயரில் முதல் தெரு, இரண்டாம் தெரு, குறுக்குத் தெரு என நான்கு தெருக்கள் இருப்பதும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. திருட்டுப் போனதாக முடிவுகட்டிய பார்சல், பக்கத்துத் தெருவில் அதே எண்ணுள்ள வீட்டுத் திண்ணையில் இரண்டு நாளாகக் கிடந்ததைப் பார்த்தவன் நான். உங்கள் எண்ணையே பழைய எண்ணாகவோ புதிய எண்ணாகவோ கொண்ட வீட்டில் முதலில் விசாரித்துவிடுங்கள்.

அங்கும் இல்லையென்றால், தொலைபேசியில் பேசிப் பேசி நாளைக் கடத்தாமல் எழுத்தில் புகார் செய்யுங்கள். மின்வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, ஒவ்வொரு இணைய வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்தி, அவருடைய பெயரையும் தொடர்பு விவரங்களையும் தன் தளத்தில் வெளியிட வேண்டும். அவர் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் பேசும் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த பதிலைச் சொல்வதற்கு மேல் அதிகாரம் இருப்பதில்லை. குறைதீர் அலுவலருக்கு நேராக அனுப்பப்படும் கடிதத்துக்கோ காலக்கெடு உண்டு. அவரும் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதன்பிறகும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூருவில் இருக்கிறதா, குருகிராமில் இருக்கிறதா என்ற கவலை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இல்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர்ந்தால் போதும். 2,300 ரூபாய்க்காக இத்தனை அலைச்சல் எதற்கு என்று தோன்றலாம். என் அனுபவத்தில், இத்தகைய புகார்களில் பெரும்பகுதி குறைதீர் அலுவலரின் படியிலேயோ 1915இன் படியிலேயோ முடிந்துவிடுகிறது.

இனிமேல் ஊழியர் அழைக்கும்போது, ஓர் இடத்தைச் சொல்லாதீர்கள், ஓர் ஆளைச் சொல்லுங்கள். "எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்" என்றோ, "நாளை மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள்" என்றோ சொல்வதற்கும் அதே பத்து வினாடிதான் ஆகும். ஊழியரும் அவசரத்தில் இருப்பவர். ஒரு நாளில் அவர் ஏறி இறங்க வேண்டிய மாடிகள் எத்தனையோ. "எங்கேயாவது வைத்துவிட்டுப் போ" என்று நாம் சொல்வது அவருக்கும் அந்த நேரத்துக்குச் சௌகரியமாகவே இருக்கிறது. பிறகு பொருள் காணாமற்போகும்போது, நாம் சொன்னதற்கு அவரிடமும் சான்று இல்லை, அவர் வைத்ததற்கு நம்மிடமும் சான்று இல்லை.

கேள்வி: 48 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் நான். பகலில் ஒரே ஒரு வாட்ச்மேன்தான். பார்சல்கள் எல்லாம் அவருடைய அறையில் குவிகின்றன. சென்ற வாரம் ஒருவருடைய கைக்கடிகாரம் காணாமற்போனது. அதன் விலையை வாட்ச்மேன் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். பிடிக்கலாமா? (சென்னை, வேளச்சேரி வாசகர்)

பதில்: கூடாது என்பதே என் கருத்து. ஊதியம் பற்றிய நம் சட்டங்கள், பாதுகாத்து வைக்கும்படி வெளிப்படையாக ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள், அவருடைய கவனக்குறைவால் நேரடியாக இழக்கப்பட்டிருந்தால்தான் பிடித்தம் செய்ய இடம் தருகின்றன. அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே. உங்கள் வாட்ச்மேனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன என்பதை எண்ணிப்பாருங்கள். கேட்டைத் திறப்பது, மூடுவது, வருபவர்களின் பெயரை எழுதுவது, தண்ணீர் மோட்டாரைப் போடுவது, லாரித் தண்ணீர் வந்தால் குழாயைப் பிடிப்பது என்று நீளும் அந்தப் பட்டியலில், 48 வீட்டுப் பார்சல்களுக்கும் காப்பாளராக இருப்பது என்றைக்காவது எழுதப்பட்டதா? ஊதியமோ பூட்டுள்ள அலமாரியோ தராமல் ஒருவர் தலையில் கட்டிய வேலையில் ஒரு பொருள் தவறினால், முதலில் கேள்வி கேட்கப்பட வேண்டியது சங்கமே.

காணாமற்போன கைக்கடிகாரத்தைப் பொறுத்தவரை, கேமரா பதிவை இன்றே எடுத்து வையுங்கள். அடுக்ககங்களில் உள்ள பதிவுப் பெட்டிகள் வட்டு நிறைந்ததும் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். எத்தனை நாள் தாங்கும் என்பது வட்டின் அளவையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. புகார் செய்யலாமா வேண்டாமா என்று கூட்டம் போட்டு முடிவெடுப்பதற்குள் பதிவு அழிந்துபோன அடுக்ககங்கள் பல. நீதிமன்றம்வரை போகும் என்று தோன்றினால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழும் அந்தப் பதிவோடு வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கைப்பேசியால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் போதாது. மூலப் பதிவு இருக்கும் வட்டைத் தொடாமல் பாதுகாப்பது நல்லது.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். வாட்ச்மேன் அறைக்கு வெளியே, கேமராவின் பார்வை விழும் சுவரில், கதவுள்ள இரும்பு அலமாரி ஒன்று வேண்டும். வீட்டுக்கு ஒரு தட்டு என்று 48 தட்டுகள் தேவையில்லை. தளத்துக்கு ஒன்று போதும். பேரேட்டில் தேதி, நேரம், வீட்டு எண், எந்த நிறுவனத்தின் பார்சல், எத்தனை என்ற ஐந்தையும் எழுதி, எடுத்துச் செல்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இந்தப் பேரேடு இருப்பதாகவே குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் எடுத்துச் செல்லும்போது யாரும் கையெழுத்திடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உள்ளே வந்தது மட்டும் எழுதப்பட்டு, வெளியே போனது எழுதப்படாத பேரேடு வாட்ச்மேனுக்கு எதிரான சாட்சியாக மட்டுமே பயன்படும். பகல் ஆள் இரவு ஆளிடம் பொறுப்பை மாற்றும்போது, மீதமிருக்கும் பார்சல்களை இருவரும் எண்ணி எழுத வேண்டும். என்னைக் கேட்டால் பொருள் தவறுவது பெரும்பாலும் இந்த மாற்றத்தின் அரைமணி நேரத்தில்தான்.

இன்னும் இரண்டு விதிகளைச் சங்கம் எழுதி ஒட்டிவிட வேண்டும். பணம் கொடுத்து வாங்க வேண்டிய பார்சலையும், ஓ.டி.பி. கேட்கும் பார்சலையும் வாட்ச்மேன் வாங்கக் கூடாது. குடியிருப்பவர்கள் அன்றைக்கு வந்ததை அன்றைக்கே எடுத்துச் செல்ல வேண்டும். ஊருக்குப் போயிருக்கிறேன், பத்து நாள் வைத்திருங்கள் என்பது ஏற்கப்படாது. நுழைவாயில் செயலியைப் பயன்படுத்தும் அடுக்ககங்களில், "கேட்டிலேயே வைத்துவிடலாம்" என்று குடியிருப்பவரே அனுமதி தரும் வசதி இருக்கிறது. அந்த அனுமதியும் தாம்பரம் அம்மாவின் பத்து வினாடிப் பேச்சைப் போன்றதே என்பதைக் குடியிருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கைப்பேசி வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் துணி சோப்பு இருந்தது. ஓ.டி.பி. சொல்லித்தான் வாங்கினேன் என்பதால் நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கிறது. (கோயம்புத்தூர் மாணவர்)

பதில்: வாசலில் கிடக்கும் பார்சலைத் தூக்கிச் செல்பவனைவிட, வழியிலேயே பெட்டியைக் கீறிப் பொருளை மாற்றிவிட்டு மறுபடியும் ஒட்டுபவன் கைதேர்ந்தவன். ஓ.டி.பி. சொன்னது, பெட்டி ஒன்று உங்கள் கைக்கு வந்தது என்பதைத்தான் காட்டுகிறது. அதனுள் கைப்பேசி இருந்தது என்பதை அது காட்டாது. இந்த வேறுபாட்டை உங்கள் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பெட்டியின்மேல் ஒட்டியுள்ள சீட்டில் சில நிறுவனங்கள் எடையை அச்சிடுகின்றன. பெட்டியையும் சோப்பையும் சேர்த்து நிறுத்துப் பார்த்து, அந்த எடையோடு ஒப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண் விலைச்சீட்டில் இருக்கும். காவல் நிலையத்தில் அந்த எண்ணோடு புகார் கொடுத்தால், அந்தக் கருவி எங்கேனும் பயன்பாட்டுக்கு வரும்போது கண்டறிய வழியுண்டு. கொண்டுசேர்க்கும் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பொருளை அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவரே கையாடல் செய்தால், அது வெறும் திருட்டன்று. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3) பிரிவின்படி ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க நம்பிக்கை மோசடி. புகாரில் யார்மீதும் பெயர் சுட்டிக் குற்றம் சாட்டாமல், கிடங்கிலிருந்து உங்கள் வீடுவரை பொருள் கைமாறிய இடங்களை விசாரிக்குமாறு கேளுங்கள்.

அடுத்த முறைக்கு ஒன்று: விலை கூடிய பொருளுக்கு, ஊழியர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து காட்டும் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, திறந்து பார்த்த பிறகே எண்ணைச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், பிரிப்பதற்கு முன்பே காணொலியைத் தொடங்கி, பெட்டியின் ஆறு பக்கங்களையும் முகவரிச் சீட்டையும் காட்டி, இடையில் நிறுத்தாமல் பொருளை வெளியே எடுக்கும்வரை பதிவு செய்யுங்கள். ஒட்டுநாடா இரண்டு அடுக்காக இருந்தாலோ, நிறுவனத்தின் பெயரில்லாத நாடா மேலே ஓடியிருந்தாலோ, பெட்டியை வாங்காமல் திருப்பியனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். "உங்கள் பெயரில் பார்சல் வந்திருக்கிறது, வேண்டாமென்றால் ரத்து செய்ய எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் அழைத்தார். நான் எதுவும் வாங்கவில்லை. எண்ணைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? (மதுரை வாசகி)

பதில்: சொல்லாமல் விட்டது மிக நன்று, அம்மா. ஓ.டி.பி. என்பதை உங்கள் கையெழுத்தாகவே கொள்ளுங்கள். பொருள் கையில் இருக்கும்போது ஆள் முன்னால் நின்று கேட்டால் போடலாம். பொருளே இல்லாமல் தொலைபேசியில் கேட்பவருக்கு வெற்றுத்தாளில் யாராவது கையெழுத்திட்டுக் கொடுப்பார்களா? நீங்கள் வாங்காத ஒரு பார்சலை ரத்து செய்வதற்காக உங்கள் கைப்பேசிக்கு வந்த எண்ணை எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண் உங்கள் பெயரில் உண்மையாகவே வந்த வேறொரு பார்சலை யாரோ எடுத்துக்கொள்வதற்காக இருக்கலாம். வங்கிக் கணக்கிலோ வாட்ஸ்அப்பிலோ நுழைவதற்காகவும் இருக்கலாம். குறுஞ்செய்தியில் அந்த எண் எதற்கானது என்று எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்வதுதான் ஆபத்து.

இதன் மறுவடிவம் ஒன்றும் உண்டு. "முகவரி தெரியவில்லை, இந்த எண்ணை அழுத்தி டெலிவரி ஊழியரோடு பேசுங்கள்" என்று சொல்லி, நட்சத்திரக் குறி, 401, மீண்டும் நட்சத்திரக் குறி, அதன்பின் ஒரு கைப்பேசி எண் என்ற வரிசையில் அழுத்தச் சொல்வார்கள். அப்படி அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவர்களுக்குத் திரும்பிவிடும். இவ்வகைக் குறியீட்டால் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. எனினும் அப்படி அழுத்தும் பழக்கம் நமக்கு வேண்டாம். பணம் போய்விட்டால், வங்கி திறக்கும்வரை காத்திராமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். நீங்கள் கேட்காத பார்சலுக்கு வாசலில் நின்று யாராவது பணம் கேட்டால், "பையன் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். தனியாக இருக்கிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: தனி வீடு. காம்பவுண்டு சுவரில் பார்சலுக்கென்று ஒரு பெட்டி பொருத்தலாம் என்று நினைக்கிறேன். பயன்படுமா? (திருச்சிராப்பள்ளி வாசகர்)

பதில்: சரியாகச் செய்தால் பயன்படும். பால் பாக்கெட்டுக்காகக் கேட்டில் பை தொங்கவிட்ட தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு, விடியற்காலையில் அந்தப் பை காலியாகக் கிடந்த அனுபவமும் இருக்கும். இன்றைக்கும் பலர் பார்சலை அதே பையில்தான் போடச் சொல்கிறார்கள். அதைவிட மோசம், மின்மீட்டர் பெட்டிக்குள் வைக்கச் சொல்வது. பூட்டில்லாமல் திறப்பதற்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக, மின்னோட்டம் உள்ள இடத்தில் அட்டைப்பெட்டியைத் திணிப்பது தீயை விலைகொடுத்து வாங்குவது போன்றது.

பெட்டியை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். மேல்வாயிலில் உட்புறமாகச் சரியும் தகடு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். பார்சல் அதில் சறுக்கி உள்ளே விழ வேண்டும், வெளியிலிருந்து கையை விட்டால் அடியை எட்டக் கூடாது. எடுக்கும் கதவு தெருப்பக்கம் இல்லாமல் வீட்டுப் பக்கம் இருக்கட்டும். சுவருக்குள் போல்ட் இறக்கி, மரையை உட்புறத்தில் முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்சலோடு பெட்டியும் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்து, மேலே முன்பக்கம் நீட்டிய கூரையும், அடியில் தண்ணீர் வடிய இரண்டு துளைகளும் வையுங்கள். அளவைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டுக்குச் சாதாரணமாக வரும் புத்தகம், துணிமணி, மருந்து ஆகியவை நுழைந்தால் போதும். மிக்ஸி வரும் என்று கணக்குப் போட்டால், திருடன் குனிந்து நுழையும் வாயில் ஆகிவிடும்.

முதல் வாரத்தில் யாரும் அந்தப் பெட்டியைக் கண்டுகொள்ள மாட்டார்கள். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் எழுதுவதோடு, செயலியில் முகவரிக்குக் கீழே குறிப்பு எழுதும் இடத்திலும் "சுவரில் உள்ள பச்சைப் பெட்டியில் போடவும்" என்று நிரந்தரமாக எழுதி வையுங்கள். விலை கூடிய எதற்கும் இந்தப் பெட்டியை நம்ப வேண்டாம். பெட்டியில் போடச் சொல்வதும் இடத்தைச் சொல்வதுதான், ஆளைச் சொல்வதன்று. அத்தகைய பொருளை அலுவலக முகவரிக்கு வரவழையுங்கள், அல்லது பழகிய மளிகைக்கடை அண்ணாச்சியிடம் பேசி அவர் கடை முகவரிக்கு வரவழையுங்கள். அண்ணாச்சியிடம் பொருளும் பத்திரமாக இருக்கும், பக்கத்துத் தெருச் செய்தியும் சேர்ந்து கிடைக்கும்.

அஞ்சல் வழியாக வருவதென்றால் இத்தனை கவலை வேண்டாம். ஆளில்லாத வீட்டில் ஸ்பீடு போஸ்ட் பொருளைப் போட்டுவிட்டுப் போகாமல், அறிவிப்புச் சீட்டை வைத்துவிட்டு அஞ்சலகத்துக்கே திருப்பி எடுத்துச் செல்வதுதான் அஞ்சல்காரரின் நடைமுறை. அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம். 2025 அக்டோபர் முதல், அனுப்புகிறவர் 5 ரூபாயும் வரியும் கூடுதலாகச் செலுத்தினால் ஓ.டி.பி. சொன்னால்தான் பொருளைத் தரும் வசதியும் ஸ்பீடு போஸ்ட்டில் வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் ஏதேனும் அனுப்புவதாக இருந்தால் சொல்லிவையுங்கள்.

கேள்வி: 900 ரூபாய்ப் புடவை ஒன்று கேட்டிலிருந்து திருட்டுப் போனது. கேமராவில் ஆள் தெரிகிறான். காவல் நிலையத்தில் "சின்னத் தொகை" என்று சொல்லி வழக்குப் பதிய மறுத்துவிட்டார்கள். இது சரியா? (சேலம் வாசகி)

பதில்: பாதி சரி, பாதி தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆவது பிரிவின்படி திருட்டுக்கு மூன்று ஆண்டுவரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறையாகத் தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவை மட்டுமே தண்டனை. இந்தச் சிறு திருட்டை, நீதித்துறை நடுவரின் ஆணை இல்லாமல் காவல்துறை புலன் விசாரிக்க முடியாத குற்றமாக நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை வைத்திருக்கிறது. ஆகவே முதல் தகவல் அறிக்கை போட முடியாது என்று அவர்கள் சொன்னதில் சட்டப் பொருத்தம் இருக்கிறது.

ஆனால் புகாரையே வாங்காமல் அனுப்பியது தவறு. அத்தகைய தகவலையும் உரிய பதிவேட்டில் எழுதிக்கொண்டு, உங்களை நடுவரிடம் அனுப்ப வேண்டும் என்றுதான் அந்த நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆவது பிரிவு சொல்கிறது. புகார் மனு பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். நிறுவனத்திடம் பணம் கேட்பதற்கும், அதே ஆள் அதே தெருவில் வேறு வீடுகளிலும் கைவைத்திருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவதற்கும் அந்த ரசீது உதவும். ஒரு செய்தியைக் கவனியுங்கள்: கேட்டின் வெளிப்புறத்தில் தொங்கியதை எடுப்பது வேறு, குடியிருக்கும் வீட்டுக்குள் புகுந்து எடுப்பது வேறு. பின்னது 305ஆவது பிரிவில் வரும். அதற்கு ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. உங்கள் கடிதத்தில் புடவை கேட்டின் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதவில்லை. மனுவில் அதைத் தெளிவாக எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பார்சலை டெலிவரி ஊழியரே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அவருடைய படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: போடாதீர்கள். "நினைக்கிறேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திருடன் என்று பெயர் சூட்டி ஒருவருடைய படத்தைப் பரப்புவது அவதூறுக் குற்றம் ஆகலாம். அதற்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் உண்டு. இரண்டு நாள் கழித்துப் பார்சல் உங்கள் தம்பியின் அறையில் கிடைத்தால், குழுவில் போட்ட படத்தை எப்படித் திருப்பி எடுப்பீர்கள்? பொருள் தொலைந்தால் அதன் விலையைத் தம் பையிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது என்று என்னிடம் சொன்ன டெலிவரி ஊழியர்கள் உண்டு. அப்படிப்பட்டவர், எல்லாக் கண்களும் தம்மேல் முதலில் திரும்பும் ஒரு திருட்டைச் செய்யத் துணிவாரா என்பதையும் எண்ணிப்பாருங்கள். ஐயத்தை நிறுவனத்துக்கு எழுதுங்கள், தேவைப்பட்டால் காவல்துறைக்கு எழுதுங்கள்.

கேள்வி: பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். அதற்குள் இரண்டு பார்சல்கள் வர வேண்டியிருக்கின்றன. (திருநெல்வேலி வாசகி)

பதில்: செயலியில் தேதியை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் ரத்து செய்துவிட்டுத் திரும்பி வந்ததும் வாங்குங்கள். தள்ளுபடி போய்விடும் என்று தயங்க வேண்டாம். பூட்டிய வீட்டு வாசலில் நாளிதழும் பால் பாக்கெட்டும் குவிந்தால் உள்ளே ஆளில்லை என்பது தெருவுக்கே தெரியும் என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். இரண்டு நாளாக எடுக்கப்படாத பார்சலும் அதையேதான் சொல்கிறது. அப்போது இழப்பு பார்சலோடு நிற்காது. புறப்படுவதற்கு முன்பு, பூட்டிய வீடு என்று உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்துவிட்டால், ரோந்து வரும்போது பார்த்துக்கொள்வார்கள். சாவியை நம்பிக் கொடுக்கும் பக்கத்து வீட்டாரிடம், தப்பி வந்துவிடும் பார்சலை வாங்கி உள்ளே வைக்கவும், எந்த ஓ.டி.பி.யும் தேவைப்பட்டால் உங்களைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்கவும் சொல்லிவிட்டுப் போங்கள்.